புதிய கிட்டார் வாங்கும் முன் பழையதை அளந்து பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கேள்விப் பகுதியில் ஒருவர், நீண்ட காலமாகத் தான் வாசித்துவந்த எலக்ட்ரிக் கிட்டார் தேய்ந்துபோய்விட்டது என்றும், அதற்குப் பதிலாக எதை வாங்கலாம் என்றும் கேட்டிருந்தார். அதே மாடலில் புதியது ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்திருந்தது. அந்த வாசகர் இன்னும் வாங்கியிருக்கக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன். அதே மாடல் என்று நம்பி வாங்கி, நான்கு மாதம் அதோடு போராடிவிட்டுப் பாதி மனதோடு விற்றவன் நான்.

28 ஆண்டுகள் ஒரே கிட்டாரில் வாசித்தேன். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மூன்று, விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட் மரம். வலது முழங்கை உரசும் இடத்தில் வார்னிஷ் முழுவதும் போய், மரம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஆகியிருந்தது. இரண்டாவது கம்பியின் கீழே மூன்றாவது ஃப்ரெட்டில், அதாவது பலகையில் குறுக்கே பதித்த மூன்றாவது உலோகப் பட்டையில், ஒரு பள்ளம். டி மேஜர் என்ற கார்டை, அதாவது ஸ்வரக் கூட்டைப் பிடிக்கும்போதெல்லாம் விரல் அழுத்துகிற இடம் அதுதான். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினாலே அந்தப் பள்ளம் தெரியும். மற்றவர்களுக்கு அது பழுது. எனக்கு அது அடையாளம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தேய்ந்துவிட்டது என்று சொல்லப்படும் கிட்டார்களில் பாதிக்கு மேல் உண்மையில் முடிந்துபோனவை அல்ல என்பது என் அனுபவம். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா? கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் தெளித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், இல்லையென்றால் அந்தக் குமிழின் அடியில் இருக்கும் பாகத்தை மட்டும் மாற்றலாம். பிளக் சொருகும் இடத்தில் சத்தம் வந்து வந்து போனால் ஒரு சோல்டரிங் வேலைதான். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும். அது சுலபத்தில் சாகாது. ஃப்ரெட் என்பது தேய்வதற்கென்றே இருக்கிற பாகம், செருப்புக்கு அடிப்பாகம் மாதிரி. அது நிக்கல் சில்வர் என்ற உலோகம், பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். எஃகுக் கம்பி அதன் மேல் ஆண்டுக்கணக்கில் உரசினால் பள்ளம் விழத்தான் செய்யும். அதை இழைத்துச் சமப்படுத்தலாம், இழைக்க உயரம் மிச்சமில்லை என்றால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதியது அடிக்கலாம்.

அந்த வேலையை யாரிடம் கொடுக்கிறோம் என்பது முக்கியம். ஒருவரிடம் நான் கொடுத்தபோது அவர் பள்ளம் மறையும்வரை அரத்தால் தேய்த்துவிட்டு, ஃப்ரெட்டின் தலையைத் தட்டையாகவே விட்டுவிட்டார். ஃப்ரெட்டின் தலை குவிந்து, கம்பி அதன் நட்ட நடுவில் மட்டும் தொட்டு நிற்க வேண்டும். தட்டையாக இருந்தால், உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் இருக்கும் பக்கத்து விளிம்பில் தொடும், அதனால் அதிரும் நீளம் குறைந்து சுருதி மேலே ஏறும். இரண்டு மாதம் எந்தக் கார்ட் பிடித்தாலும் ஏதோ ஒன்று உறுத்தியது. காது கெட்டுவிட்டதோ என்றே பயந்தேன். வேறொருவர் ஒரு குழிவான அரத்தை வைத்து ஒவ்வொன்றின் தலையையும் உருட்டிக் கொடுத்த பிறகுதான் நிம்மதி வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு முறை முழு ஃப்ரெட்டும் மாற்றினேன். மூன்றாவது முறை போனபோது அவர் நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, நுனியிலிருந்து துப்பாக்கி குறிபார்ப்பது போல ஒரு கண்ணால் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். நானும் பார்த்தேன். நெக் முறுக்கிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் வளைந்தால் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகி நிமிர்த்தலாம், முறுக்கை அதனால் எடுக்க முடியாது. ஃப்ரெட் உட்காரும் வெட்டுகளும் பலமுறை பிடுங்கி அடித்ததில் அகன்றுபோயிருந்தன. அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான் தன் ஆசைக் கிட்டாருக்கு ஃப்ரெட் மாற்றி மாற்றி, கடைசியில் அந்த நெக் இனி தாங்காது என்று வேறு நெக் மாட்ட வேண்டியிருந்தது. அவர் எந்த அளவுக்கு வாசித்திருப்பார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஃபெண்டர் வகைக் கிட்டார்களில் நெக் பெரும்பாலும் நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். 1950ல் லியோ ஃபெண்டர் அப்படிச் செய்ததே பழுதானால் கழற்றி மாட்டலாம் என்பதற்காகத்தான். ஆகவே நானும் அளவு பொருந்திய தயார் நெக் ஒன்றை வாங்கி மாட்டினேன். உடல் அதே உடல், பிக்கப் அதே பிக்கப், ஒலிபெருக்கியான ஆம்பில் வந்த ஒலியும் அப்படியே. ஆனால் கையில் எடுத்தால் வேறு யாருடைய கிட்டாரோ. 28 ஆண்டுகள் நான் விரும்பியது அந்த உடலை அல்ல, நெக்கை என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்தக் கிட்டாரில் இப்போது என் மாணவர்கள் பழகுகிறார்கள். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

அப்புறம்தான் நான் சொன்ன தவறு. அதே பெயர், அதே வடிவம், அதே நிறம். கையால் தொட்டுக்கூடப் பார்க்காமல் படத்தைப் பார்த்தே வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தபோது என் பழைய கிட்டார் இளமையாகித் திரும்பி வந்தது போல இருந்தது. வாசிக்க ஆரம்பித்த பத்தாவது நிமிடம் கட்டைவிரலின் அடி வலித்தது. இது ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரே மாடலைக் காலத்துக்குக் காலம் வேறு வேறு அளவில் செய்கிறார்கள். பழையதின் ஃபிங்கர்போர்டு 7.25 அங்குல ஆரத்தில் வளைந்தது, அதாவது அந்த ஆரம் உள்ள ஒரு வட்டத்தின் சிறு துண்டு. புதியது 9.5 அங்குலம். ஆரம் கூடினால் பலகை தட்டையாகிறது. கம்பியை இழுத்து வாசிப்பவர்களுக்கு அதுதான் வசதி, வளைவான பலகையில் மேல் ஸ்தாயியில் கம்பியை அதிகம் இழுத்தால் அடுத்த ஃப்ரெட்டில் இடித்து ஒலி செத்துவிடும். ஆனால் நான் பெரும்பாலும் ரிதம் வாசிப்பவன், முழுக் கார்ட் பிடித்து மணிக்கணக்கில் நிற்பவன். என் ஆள்காட்டி விரல் அந்த வளைவுக்கே வளைந்துபோயிருந்தது. நெக்கின் முதுகும் புதியதில் மெலிந்திருந்தது. பழையதில் கட்டைவிரல் சாய்ந்து ஓய்வெடுக்க இடம் இருந்தது, இதில் இல்லை.

ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் இந்த விஷயத்தில் என்னைவிட எவ்வளவு தெளிவாக இருந்தார் என்று பாருங்கள். 1970ல் சில பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கி, அவற்றில் மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரு கிட்டார் உண்டாக்கினார். பிளாக்கி என்று பெயர். 1980களின் நடுவில் அது தேய்ந்து ஓய்ந்தது. அவருக்காக ஃபெண்டர் புதிதாக ஒன்று செய்ய முன்வந்தபோது, பிளாக்கியின் நெக்கைப் போலவே முதுகு கூம்பிய நெக் வேண்டும் என்று கேட்டார். 1988ல் அவர் பெயரிலேயே விற்பனைக்கு வந்த அந்தக் கிட்டாரில் பிக்கப்பும் உள்ளே இருந்த மின்சுற்றும் பழையதைப் போன்றவை அல்ல. ஒலியில் மாற்றத்தை ஏற்றுக்கொண்டவர், கைப்பிடியில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே அந்த வாசகரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கடைக்குப் போகும் முன் உங்கள் பழைய கிட்டாரை மேசையில் வைத்து அளந்துவிடுங்கள். கழற்றி வைத்திருந்த என் பழைய நெக்கை நான் அளந்த விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

சோல்டரிங்குக்கு வைத்திருக்கும் தடித்த ஈயக் கம்பியில் ஒரு சாண் எடுத்துக்கொண்டேன். அது விரலால் வளைத்தால் வளையும், விட்டால் வளைந்தபடியே நிற்கும். முதல் ஃப்ரெட்டுக்கு நேராக நெக்கின் முதுகில் அதை வைத்து, இரு பக்கமும் படியும்படி கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தேன். பிறகு வடிவம் கலையாமல் கழற்றி, வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் உள்பக்கம் ஓட்டிக் கோடு போட்டேன். ஏழாவது ஃப்ரெட்டிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலும் அதேபோல. மூன்று வில்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தாளில் வந்தன. முதல் வில் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது. கீழ்க்கம்பிப் பக்கம், ஆள்காட்டி விரலின் அடி உரசுகிற பக்கம். பல்லாண்டு உரசலில் மரமே அந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது. அதைத் தாளில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

வெர்னியரால் தடிமன் பார்த்தேன். ஃபிங்கர்போர்டையும் சேர்த்து முதல் ஃப்ரெட்டில் 22 மி.மீ., பன்னிரண்டாவதில் 24 மி.மீ. நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டையான நட்டின் அகலம் 42 மி.மீ. பலகையின் வளைவுக்குக் காம்பஸே போதும். 184 மி.மீ. ஆரத்தில் அட்டையில் ஒரு வில் வரைந்து வெட்டி, பலகை மேல் வைத்தேன் (உங்கள் கிட்டாரில் கம்பிகள் இருந்தால் தளர்த்திக்கொள்ளுங்கள்), அடியில் வெளிச்சம் தெரியாமல் உட்கார்ந்தது. 7.25 அங்குலம் என்பது அதுதான். 9.5க்கும் 12க்கும் தனித்தனியே அட்டை வெட்டி வைத்துக்கொண்டால் எந்தக் கிட்டாரையும் சோதிக்கலாம்.

இன்னொன்று ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட்வரை அளந்து இரண்டால் பெருக்கினால் கிடைக்கும். ஃபெண்டர் வகைகளில் 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. கிப்சன் லெஸ் பால் வகைகளில் சுமார் 628 மி.மீ. இருபது மி.மீ. வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். ஒரே கம்பியை ஒரே சுருதியில் கட்டினால் நீளம் குறைந்ததில் இழுவிசை ஏறக்குறைய 6 விழுக்காடு குறைவாக இருக்கும். முதல் ஃப்ரெட்டும் நட்டுக்கு ஒரு மி.மீ. கிட்ட வந்துவிடும். சின்னக் கைக்காரர்களுக்கும் கம்பியை நிறைய இழுப்பவர்களுக்கும் அது வரம். அழுத்தி ரிதம் வாசிக்கும் எனக்குக் கம்பி தொளதொளவென்று இருப்பது போலப் பட்டது.

எடையையும் பாருங்கள், தோளில் பட்டை மாட்டி நின்றபடி, குறைந்தது 20 நிமிடம். என் பழையது 3.4 கிலோ. உட்கார்ந்து வாசித்தபோது மனதைப் பறித்த ஒரு கனமான கிட்டாரை நின்று வாசித்துப் பார்த்ததும் இறக்கி வைத்துவிட்டேன்.

அந்தத் தாளையும் அட்டைகளையும் பழைய கிட்டாரின் நெக்கையும் தூக்கிக்கொண்டு, என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணையும் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் அடுத்த முறை போனேன். ஏழு கிட்டார்களை வரிசையாக வைத்துக்கொண்டோம். ஆம்பில் மாட்டவே இல்லை. ஆம்ப் போட்டுவிட்டால் காது மயங்கிவிடும், கை சொல்வது கேட்காது. நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார, அவள் ஒவ்வொன்றாக மடியில் வைத்தாள். இடையில் ஒருமுறை இமை அசைந்ததும், "மாஸ்டர், கண்ணைத் திறக்காதீங்க" என்று அதட்டினாள். ஐந்தாவதாக வைத்ததில் கட்டைவிரல் போய்ச் சாய்ந்தது, தேடாமலே. டி மேஜர் பிடித்தேன். அந்தப் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இல்லை என்பது ஒன்றுதான் குறை. கண்ணைத் திறந்து பார்த்தால், நான் வாங்குவேன் என்று நினைத்தே பார்க்காத டெலிகாஸ்டர் வடிவம், ஃபெண்டரின் இன்னொரு மாடல். அளந்து பார்த்தோம். முதல் ஃப்ரெட்டில் தடிமன் 22 மி.மீ., ஈயக் கம்பியின் வில்லும் கிட்டத்தட்டப் பொருந்தியது. பலகையின் வளைவு 9.5 அங்குலம்தான். ஆனால் முதுகு சரியாக இருந்ததால் அந்த வித்தியாசத்தை விரல் பொறுத்துக்கொண்டது.

பிறகுதான் ஆம்ப். அங்கும் பார்க்க வேண்டியவை உண்டு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் என்ற மணி போன்ற ஒலியை எடுங்கள், அதே இடத்தில் அழுத்தியும் வாசியுங்கள், இரண்டும் ஒரே சுருதியா என்று டியூனரில் பாருங்கள். முதல் கம்பியைப் பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் முழு ஸ்வரம் இழுங்கள், எங்கேயாவது ஒலி அமுங்கினால் காரணம் கேளுங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் மின்சாரத்தின் ரீங்காரம் இருக்கும், அது பழுது அல்ல. அது பிடிக்காதவர்கள் ஹம்பக்கர் பக்கம் போகலாம். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள் அந்த இரைச்சலை ஒன்றையொன்று அழித்துவிடும், கூடவே ஒலியின் கூர்மையும் கொஞ்சம் மழுங்கும். என் காதுக்கு அந்தக் கூர்மை வேண்டும். எந்த மரத்தில் செய்த உடல் நல்ல ஒலி தரும் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை.

ஃபிங்கர்போர்டு மரம் பற்றி ஒரு வார்த்தை. பழையது ரோஸ்வுட் என்பதால் புதியதும் ரோஸ்வுட்டாகவே இருக்க வேண்டும் என்று நான் முதலில் பிடிவாதமாக இருந்தேன். தமிழில் ஈட்டி என்று சொல்கிறோமே, அந்த மரமும் இந்த இனம்தான். இந்த இனம் முழுவதையும் 2017ல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள், அதனால் பல நிறுவனங்கள் பாவ் ஃபெரோ போன்ற வேறு மரங்களுக்கு மாறின. 2019ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது, பிரேசில் ரோஸ்வுட் மட்டும் இன்றும் கடுமையான பட்டியலில்தான். நான் வாங்கியது பாவ் ஃபெரோ. நிறம் சற்று வெளிர், விரலுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

இழந்தது ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். நடு பிக்கப்பையும் பக்கத்துப் பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் வரும் அந்த மெல்லிய, கண்ணாடி போன்ற ஒலி டெலிகாஸ்டரில் இல்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954ல் வந்தபோது அதில் மூன்று நிலை ஸ்விட்ச்தான் இருந்தது, வாசித்தவர்களே அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி இந்த ஒலியைக் கண்டுபிடித்தார்கள். 1977ல்தான் ஃபெண்டர் ஐந்து நிலை ஸ்விட்ச் வைத்தது. என் வாசிப்பில் எத்தனையோ இடங்கள் அந்த ஒலியை நம்பியே இருந்தன. அவற்றை இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன், சில இடங்களில் மனது கேட்கத்தான் செய்கிறது. உடலின் கூரிய விளிம்பும் முழங்கையில் குத்துகிறது.

இன்னொரு விஷயத்தை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். முதல் மூன்று வாரம் புதிய கிட்டாரில் கார்ட்கள் எல்லாம் சுருதி ஏறியே ஒலித்தன. கிட்டாரில்தான் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கவும் கிளம்பிவிட்டேன். டியூனரை முன்னால் வைத்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. என் பழையதில் ஃப்ரெட்டுகள் அரை மி.மீ. உயரம்கூட இல்லாமல் தேய்ந்திருந்தன. எவ்வளவு அழுத்தினாலும் விரல் பலகையில் முட்டி நின்றுவிடும். புதியதில் ஃப்ரெட் ஒரு மி.மீ.க்கும் மேல். அதே பலத்தில் அழுத்தினால் கம்பி ஃப்ரெட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் இறங்கி, இழுபட்டு, சுருதி ஏறிவிடும். கை பழகியிருந்தது கிட்டாருக்கு மட்டும் அல்ல, அதன் தேய்மானத்துக்கும்தான். ஒவ்வொரு நாளும் காலையில் கால் மணி நேரம், ஒலி தெளிவாக வரும் அளவுக்கு மட்டும் அழுத்திப் பழகினேன். ஒரு மாதத்தில் கை லேசாகிவிட்டது. இப்போது அதிக நேரம் வாசித்தாலும் மணிக்கட்டு வலிப்பதில்லை. எனவே புதியது வாங்கி ஒரு மாதம் ஆகும்வரை அதைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று அந்த வாசகரிடம் சொல்லுங்கள்.

நெக்கின் வடிவத்தைத் தாளில் கொடுத்தால் அப்படியே செதுக்கித் தரும் கைவினைஞர் அவருக்குக் கிடைத்தால், நான் எழுதிய எல்லாவற்றையும் விட அதுவே நல்ல வழி. எனக்கு அமையவில்லை. இன்னும் அவர் பழையதை விற்காமல் இருந்தால் தயவுசெய்து விற்க வேண்டாம், அளந்து முடிக்கும்வரையாவது. அளவெடுக்க அசல் கையில் இருக்க வேண்டும்.

தங்கள் பகுதியில் இடம் இருந்தால், எந்த மாடல் வாங்கலாம் என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், உங்கள் பழையதின் நெக் தடிமன் எவ்வளவு, ஸ்கேல் எவ்வளவு, எடை எவ்வளவு, நீங்கள் வாசிப்பது ரிதமா, தனி மெட்டாக வாசிக்கும் லீடா என்று முதலில் திருப்பிக் கேட்கும்படி செய்யுங்கள். என் மூன்று வில்கள் வரைந்த தாள் இப்போது புதிய கிட்டாரின் பெட்டிக்குள், மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. நான்காவதாக ஒரு வில்லும் அதில் சேர்ந்திருக்கிறது, புதியதை வாங்கிய அன்றைக்கு எடுத்தது. ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில் ஈயக் கம்பியை வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஒரு கிட்டார் ஆசிரியர்